மன்னார்குடி நெல்லும் 1986-ஆம் ஆண்டு விலையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். இதில் 2,389 ரூபாய் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை. மீதி 156 ரூபாய் மாநில அரசின் ஊக்கத்தொகை. மன்னார்குடிப் பக்கம் ஒரு ஏக்கர் சம்பாவில் 2,000 கிலோ கண்டுமுதல் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ சிப்பமாகக் கட்டினால் 50 சிப்பம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அத்தனையும் எடுத்துக்கொண்டால் வங்கிக் கணக்கில் ஏறுவது 50,900 ரூபாய்.

இந்த 50,900-ல் எவ்வளவு நெல்லின் விலை, எவ்வளவு அரசு கொடுத்த மானியம்? உழவுக்கூலி, நடவுக்கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் கழித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே விநோதமாகப் படும். ஆனால் உலக வணிக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தம் இதைத்தான் கேட்கிறது. ஒரு வழியில் கணக்குப் போட்டால் 46,113 ரூபாய் மானியம். அதாவது நெல்லின் சொந்த விலை ஐயாயிரத்தைக்கூடத் தொடவில்லை. இன்னொரு வழியில் 19,483 ரூபாய். இரண்டும் ஒரே வாய்ப்பாட்டில் வந்த விடைகள். எந்த விடை நிற்கும் என்பதுதான் அரிசி விஷயத்தில் இந்தியாவுக்கும் மற்ற ஏற்றுமதி நாடுகளுக்கும் பத்தாண்டுக்கு மேலாக நடக்கும் வாதத்தின் சாரம்.

வாய்ப்பாடு

1995-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் இணைப்பில், எட்டாம் பத்தியில் இது இருக்கிறது. அரசு அறிவிக்கும் விலையிலிருந்து, 1986-88 காலத்தில் நிலைநிறுத்தப்பட்ட ஒப்பீட்டு விலையைக் கழித்து, வரும் வித்தியாசத்தை அந்த விலைக்குத் தகுதியுள்ள உற்பத்தி அளவால் பெருக்க வேண்டும். கிடைக்கும் தொகை அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது வளரும் நாடுகளுக்கான வரம்பு. வளர்ந்த நாடுகளுக்கு 5. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு இந்த வரம்புக்கு மேலேயும் செலவழிக்கத் தனி ஒதுக்கீடு 1995-லேயே அவற்றின் கடமைப் பட்டியலில் எழுதிக் கொடுக்கப்பட்டது. இந்தியாவுக்கு அது இல்லை.

கவனிக்க வேண்டியது, அரசு உண்மையில் செலவழித்த பணம் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. சாக்கு, லாரி வாடகை, சுமைதூக்கும் தொழிலாளர் கூலி, கிடங்கு வாடகை, திறந்தவெளியில் நனைந்து வீணான மூட்டை எதையும் சேர்க்கக் கூடாது என்று அதே பத்தி சொல்கிறது. விலை வித்தியாசம் மட்டும்தான் கணக்கு. வாங்கிய அரிசியை ரேஷன் கடையில் இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதும் இங்கே செல்லுபடியாகாது. பொது இருப்புக்கு வாங்குவதைப் பச்சைப் பெட்டியில், அதாவது வரம்பில்லாமல் அனுமதிக்கப்படும் செலவு வகையில், வைக்கும் இரண்டாம் இணைப்பு, அடிக்குறிப்பு ஒன்றில், வாங்கும் விலைக்கும் ஒப்பீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிடுங்கி, வரம்புக்கு உட்பட்ட மஞ்சள் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறது.

ஒப்பீட்டு விலை என்பது இன்றைய உலகச் சந்தை விலை அல்ல. 1986 முதல் 1988 வரையிலான மூன்று ஆண்டுச் சராசரி, அங்கேயே நிலைநிறுத்தப்பட்டது. இந்திய அரிசிக்கு அது டன்னுக்கு 3,520 ரூபாய். அன்றைய மாற்று விகிதத்தில் 262.51 டாலர். சிக்கல் தொடங்கும் இடம் இது. ரூபாயில் வைத்தால் நாற்பதாண்டு விலைவாசி உயர்வு முழுவதும் மானியமாகக் காட்டப்படும். டாலரில் வைத்தால், ரூபாய் மதிப்பு இறங்கியதால் அந்த உயர்வின் பெரும்பகுதி கழிந்துவிடும். இந்தியா தன் அறிக்கைகளை டாலரில் கொடுக்கிறது. ஒப்பந்தத்தோடு இந்தியா கொடுத்த பட்டியலில் எழுதியது ரூபாயில்தானே என்று அமெரிக்கா கேட்கிறது.

மன்னார்குடி ஏக்கருக்குத் திரும்புவோம். 2,000 கிலோ நெல்லைப் புழுங்கலாக அரைத்தால் 68 சதவீதம், 1,360 கிலோ அரிசி. ரூபாய்க் கணக்கில் அதன் ஒப்பீட்டு மதிப்பு 4,787 ரூபாய். 50,900-ல் அதைக் கழித்தால் 46,113. டாலர் கணக்கில், ஒரு டாலர் 88 ரூபாய் என்று வைத்தால், 50,900 ரூபாய் 578.4 டாலர் ஆகிறது, ஒப்பீட்டு மதிப்பு 357 டாலர், வித்தியாசம் 221.4 டாலர், அதாவது 19,483 ரூபாய். மாநில ஊக்கத்தொகையான 3,120 ரூபாய் இதற்குள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் மாநில அரசு தரும் ஆதரவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று மூன்றாம் இணைப்பு சொல்கிறது.

2018-19: நான்கு விடை

நாட்டளவில் இது எப்படி வந்தது என்று பார்க்க 2018-19-ஐ எடுப்பதே பொருத்தம். இந்தியா 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாகத் தானே முதன்முதலில் அறிவித்த ஆண்டு அது. அறிக்கை 2020-ல் போனது: அரிசி உற்பத்தியின் மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு சுமார் 500 கோடி டாலர், 11.46 சதவீதம்.

இந்த எண்ணை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு பொது ரக நெல்லின் ஆதரவு விலை 1,750 ரூபாய். பச்சரிசிக்கான 67 சதவீத அரவைக் கணக்கில் அரிசி டன்னுக்கு 26,119 ரூபாய். டாலர் சராசரியாக 69.9 ரூபாய் என்றால் 373.7 டாலர். 262.51-ஐக் கழித்தால் 111.2. கொள்முதல் 4.44 கோடி டன். பெருக்கினால் 494 கோடி டாலர். சன்ன ரகத்துக்கு 20 ரூபாய் கூடுதல் என்பதையும் சேர்த்தால் இந்தியா சொன்ன தொகையை ஒட்டி வந்துவிடும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். ஒப்பீட்டு விலையை ரூபாயிலேயே விட்டால் 33 சதவீதம் ஆகிறது. டாலரிலேயே வைத்து, கொள்முதல் செய்த அளவுக்குப் பதில் நாட்டில் விளைந்த 11.65 கோடி டன் முழுவதையும் போட்டால் ஏறக்குறைய 30. இரண்டையும் மாற்றினால் 86. அமெரிக்கா 2018 மே மாதம் இந்தியாவுக்கு எதிராகக் கொடுத்த எதிர் அறிக்கையில், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அரிசிக்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்று எழுதியது இந்தக் கடைசி வழியில்தான்.

மாற்ற வேண்டிய இன்னொரு எண் உண்டு. 2018-ல் 5 சதவீதக் குருணை கலந்த தாய்லாந்து அரிசி ஏற்றுமதி விலை டன்னுக்கு 400 டாலருக்கு மேல். அதை ஒப்பீட்டு விலையாக வைத்தால் இந்திய ஆதரவு விலை அதற்குக் கீழே போகிறது. மானியம் என்று சொல்ல எதுவுமில்லை. ஒப்பீட்டு விலையைப் புதுப்பிக்க வேண்டும் என்று வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-33 கேட்டுக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். அளவுக்கு மீறிய பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவிலும் ஒரு வரி இருக்கிறது. ஆனால் எத்தனை சதவீதம் போனால் அளவுக்கு மீறியது என்று சொல்லாத வரி அது. அதை நம்பி வழக்கில் இறங்கக் கூடாது.

தகுதியுள்ள நெல் எது

டாலரா ரூபாயா என்ற சண்டையைவிட இந்தக் கேள்வி காவிரிப் படுகைக்கு ஆபத்தானது. செய்தித்தாள்களில் அதிகம் வராததும் இதுதான்.

வாங்கிய அளவைத்தான் பெருக்க வேண்டும் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. ஒப்பந்தத்தின் சொற்கள் அப்படி இல்லை. கொரியா மாட்டிறைச்சி வழக்கில் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2000 டிசம்பரில் தெளிவாகவே சொன்னது: தகுதி என்பதை அரசு வரையறுக்கலாம், குறுக்கலாம், ஆனால் அரசு உண்மையில் வாங்கியது அந்தத் தகுதியைவிடக் குறைவாக இருக்கலாம், கணக்குக்கு எடுக்க வேண்டியது தகுதியைத்தான். 2019 பிப்ரவரியில் சீனாவின் கோதுமை, அரிசி ஆதரவு விலை மீதான வழக்கில் நடுவர் குழு இதே பாதையில் போயிற்று. எவ்வளவு வாங்குவோம் என்று சீனா முன்கூட்டி வரம்பு அறிவிக்கவில்லை. ஆகவே திட்டம் அமலில் இருந்த மாகாணங்களின் விளைச்சல் கணக்கில் ஏறியது. சீனா தனக்கென ஒப்புக்கொண்ட 8.5 சதவீத வரம்பைத் தாண்டியதாகத் தீர்ப்பு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொள்முதல் நிலையத்தைப் பார்த்தால் நிலைமை புரியும். விவசாயி சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் கொண்டு பதிவு செய்கிறார். நெல் களத்தில் கொட்டப்படுகிறது. ஈரப்பதமானியில் 17 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். தூற்றும் இயந்திரத்தில் கருக்காயும் தூசும் போன பிறகு எடை, சாக்கு, தையல், பட்டியல். ஒரு நாளுக்கு இத்தனை சிப்பம் என்று நிலையத்துக்கு ஓர் அளவு உண்டு. அது தாண்டினால் அடுத்த நாள் முறை. ஈரம் கூடினால் காய வைத்துக் கொண்டு வா என்பார்கள். அக்டோபர் மழையில் குறுவை அறுப்பவருக்கு அது நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் ஆண்டுதோறும் மத்தியக் குழு வருவதும், ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கடிதம் போவதும்.

இவற்றில் எது சட்டப்படி தகுதியைக் குறுக்குகிறது? ஈரப்பத வரம்பும் தர வரம்பும் ஓரளவு குறுக்குகின்றன என்று வாதாடலாம். தினசரி சிப்ப வரம்பு குறுக்காது. அது வரிசையின் வேகம், வாசலை அடைப்பதல்ல. வெளிமாவட்ட நெல் வரக் கூடாது என்பதும் உதவாது. அந்த நெல்லுக்கு அதன் ஊரில் நிலையம் இருக்கிறது. மொத்தத்தில், அடங்கல் உள்ள எந்த விவசாயியின் நெல்லையும் வாங்குவோம் என்பதே திட்டத்தின் வாக்குறுதி. அந்த வாக்குறுதிதான் வழக்குமன்றத்தில் நம் கழுத்தைப் பிடிக்கும்.

தீர்வு காகிதத்தில் எளிது: பருவத் தொடக்கத்திலேயே இத்தனை லட்சம் டன்தான் வாங்குவோம் என்று அரசாணை போட்டுவிட்டால் பெருக்கும் எண் அதுவாகிவிடும். உலக வணிக அமைப்பு இருக்கும் ஜெனிவாவில் வழக்கறிஞர்கள் சிலாகிக்கும் யோசனை. திருவாரூரில் அதைச் சொல்லிப் பாருங்கள்! வரம்பு முடிந்த மறுநாள் நிலையம் மூடும் என்று தெரிந்தால், முதல் வாரத்திலேயே அத்தனை பேரும் பச்சை நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தாளடிக்காரர்கள் கடைசியில் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளுவார்கள். நடுவழி ஒன்று உண்டு. ரேஷன் தேவையையும் இருப்பையும் கூட்டி, வழக்கமான கொள்முதலைவிடச் சற்றே உயரமான ஓர் எண்ணை உச்ச அளவாக அறிவிப்பது. நடைமுறையில் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது. பதிவேட்டில் மட்டும் வரம்பு இருக்கும். 11.65 கோடி டன்னுக்கும் 4.44 கோடி டன்னுக்கும் நடுவே அந்த எண் எங்கே விழுந்தாலும் லாபம்தான்.

சமாதானப் பிரிவு காப்பது எதை

2013 டிசம்பரில் உலக வணிக அமைப்பின் பாலி மாநாட்டில் சமாதானப் பிரிவு எனப்படும் ஒரு தற்காலிக ஏற்பாடு எட்டப்பட்டது. உணவுப் பாதுகாப்புக்காகப் பாரம்பரிய உணவுப் பயிர்களை வாங்கி வைக்கும் வளரும் நாடு வரம்பைத் தாண்டினாலும், மானிய வரம்பை விதிக்கும் வேளாண்மை ஒப்பந்தத்தின் 6.3, 7.2(ஆ) பிரிவுகளின் கீழ் வழக்குப் போட மாட்டோம் என்பது சாரம். 2014 ஜூலையில், சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் வர்த்தக வசதி ஒப்பந்தத்துக்கு இந்தியா முட்டுக்கட்டை போட்டது. அதன் பலனாக, நிரந்தரத் தீர்வு வரும்வரை இது நீடிக்கும் என்று அந்த நவம்பரில் உலக வணிக அமைப்பின் பொதுக் குழு முடிவெடுத்தது. நிரந்தரத் தீர்வு 2015 நைரோபியிலும் வரவில்லை, 2024 அபுதாபியிலும் வரவில்லை.

காப்பு இலவசமில்லை. வரம்பைத் தாண்டிவிட்டோம் அல்லது தாண்டும் நிலையில் இருக்கிறோம் என்று தானே அறிவிக்க வேண்டும். முந்தைய 5 ஆண்டுகளின் மானிய அறிக்கைகள் பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். இருப்பு, வெளியீடு, விலை, பயனாளிகள் பற்றிய அட்டவணையை நிரப்ப வேண்டும். இருப்பிலுள்ள தானியம் வர்த்தகத்தைக் கெடுக்காமலும் பிறர் உணவுப் பாதுகாப்பைப் பாதிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பவரோடு கலந்து பேச வேண்டும். திட்டம் 2013 டிசம்பர் 7 அன்று நடைமுறையில் இருந்திருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில் தமிழ்நாட்டுக்குப் பிரச்சினை இல்லை. 2002 அக்டோபர் முதல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பரவலாக்கப்பட்ட கொள்முதலில் இருக்கிறது. நெல்லை வாங்கி, முகவர்களிடம் அரைத்து, மாநிலத்துக்குள்ளேயே விநியோகிக்கிறது. விலை ஏறியது புதுத் திட்டம் ஆகிவிடுமா? பாலித் தீர்மானம் திட்டம் இருந்ததா என்றுதான் கேட்கிறது. ஆதரவு அளவுக்கு அதில் உச்சவரம்பு இல்லை. ஊக்கத்தொகை மட்டும் சற்று நெருடும் இடம். இது டன் அரிசிக்கு 2,294 ரூபாய், சுமார் 26 டாலர். 10 லட்சம் டன் அரிசிக்கு 229 கோடி ரூபாய். நாட்டுக் கணக்கில் துளிதான். ஆனால் கூடுதல் போனஸ் கொடுக்கும் மாநிலங்களிடம் தேவைக்கு மிஞ்சிய தானியத்தை எடுக்க மாட்டோம் என்று மத்திய அரசு 2014-லேயே சொன்னது நினைவிருக்கட்டும். ஜெனிவாவில் கேள்வி வந்தால் முதலில் நெருக்கப்படப் போவது இந்தத் துளிதான்.

வர்த்தகத்தைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையில் தமிழ்நாட்டின் கை சுத்தம். தஞ்சாவூரிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் சரக்கு ரயிலில் ஏறும் நெல் வேறு மாவட்ட ஆலைகளுக்குப் போய், அரிசியாகி ரேஷன் கடையில் முடிகிறது. நாட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. உலக அரிசி வர்த்தகத்தில் 40 சதவீதத்தை ஒட்டி விற்கும் நாடு, அரசு இருப்பு வேறு, தனியார் ஏற்றுமதி வேறு என்று சொன்னால் போட்டியாளர்கள் சிரிக்கிறார்கள். ஒரு பகுதி நெல்லை அரசு வாரிக்கொண்டால் மீதி நெல் ஏற்றுமதிக்குத் தள்ளப்படுகிறது என்பது அவர்கள் வாதம். அபுதாபியில் தாய்லாந்துத் தூதர் இதைப் பச்சையாகச் சொன்னபோது இந்தியா கடும் ஆட்சேபம் தெரிவித்தது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடையும் ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரியும் போட்டபோது குற்றச்சாட்டு தலைகீழானது: விற்கிறாய் என்றவர்கள் ஏன் விற்கவில்லை என்றார்கள். இரண்டு குறைகளையும் ஒரே ஆள் சொல்லலாமா என்று கேட்கத் தோன்றும், சட்டம் தடுக்கவில்லை.

கரும்புக்கு இந்தக் குடையே கிடையாது. சமாதானப் பிரிவு பொது இருப்புக்கு வாங்கும் உணவுப் பயிருக்கு மட்டும். பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்கில் 2021 டிசம்பர் 14 அன்று வந்த அறிக்கை, கரும்புக்கான நியாய ஆதாய விலை 10 சதவீத வரம்பைத் தொடர்ந்து ஐந்து பருவங்களில் மீறியது என்றது. அரசு வாங்கவில்லையே, ஆலைகள்தானே பணம் கொடுக்கின்றன என்ற வாதம் எடுபடவில்லை. விலையை அரசு நிர்ணயித்தாலே போதும். குருங்குளம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஒருவர் பக்கத்து வயலில் சம்பா போட்டிருந்தால், ஒரே அடங்கலில் ஒரு பயிருக்குக் காப்பு உண்டு, மற்றதற்கு இல்லை. இந்தியா 2022 ஜனவரியில் மேல்முறையீடு செய்தது. 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பில் விசாரிக்க ஆளில்லாததால் அறிக்கை அந்தரத்தில் நிற்கிறது. நெல்லுக்கு வழக்கு வந்தாலும் இதே கதவு இருக்கிறது என்று தில்லியில் நிம்மதியடைகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் தன் சட்டத்தைத் திருத்தி, ஆளில்லாத மேல்முறையீட்டில் ஒளிபவர் மீது பதில் நடவடிக்கை எடுக்க வழி வைத்துக்கொண்டதை அவர்கள் கவனிப்பது நல்லது.

ஏக்கருக்குப் பணம் கொடுத்தால்?

விலையை விட்டுவிடுங்கள், நிலத்தின் பேரில் நேரடியாகப் பணம் போடுங்கள், வரம்பே கிடையாது என்பது ஏற்றுமதி நாடுகளின் நிலையான அறிவுரை. இரண்டாம் இணைப்பின் ஆறாம் பத்தி அதற்கு இடம் தருகிறது. விளைச்சலோடும் விலையோடும் தொடர்பில்லாத வருமான ஆதரவு பச்சைப் பெட்டி. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் அந்த வார்ப்புதான்.

காவிரிப் படுகையில் இது எங்கே உடையும் என்பது ஊர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இங்கே கோயில் நிலமும் ஆதீன நிலமும் ஏராளம். பட்டா ஒருவர் பேரில், ஏர் இன்னொருவர் கையில். குத்தகை பெரும்பாலும் வாய்மொழி. 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் என்று மூன்று சட்டம் வந்தும் பதிவேட்டில் ஏறாதவர்கள் நிறையப் பேர். நிலம் சொந்தப் பேரில் இருந்தால்தான் கிசான் பணம். கொள்முதல் நிலையத்தில் அப்படியில்லை. இந்தப் புலத்தில் இந்தப் பருவத்தில் சாகுபடி செய்தவர் இவர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்தால் குத்தகைதாரர் தன் பேரிலேயே நெல் போட்டுப் பணம் வாங்கலாம். ஆதரவு விலை உழுதவனைத் தேடிப் போகிறது. ஏக்கர் பணம் பட்டாவைத் தேடிப் போகும். மேற்சொன்ன ஏக்கரில் 19,483 ரூபாயைப் பச்சைப் பெட்டிக்கு மாற்றினால், சென்னையில் இருக்கும் பட்டாதாரர் அதை வாங்கிக்கொண்டு, குத்தகை நெல்லையும் வழக்கம்போல் அளக்கச் சொல்வார்.

உரம், மின்சாரம், பாசனத்தில் தரும் சலுகை 10 சதவீத வரம்புக் கணக்கில் சேராது. வருமானம் குறைந்த, வளம் குன்றிய விவசாயிகளுக்கான இடுபொருள் மானியத்துக்கு 6.2 பிரிவில் விலக்கு உண்டு. இந்திய விவசாயிகளில் 99.43 சதவீதத்தினர் அந்த வகை என்று இந்தியா அறிவித்திருக்கிறது. சிறு சலுகைகளை விலையிலிருந்து இடுபொருள் பக்கம் நகர்த்துவது ஆகவே சட்டப்படி பத்திரமானது. 156 ரூபாய் ஊக்கத்தொகையை விதை, நுண்ணூட்டம், உழவு இயந்திர வாடகைச் சலுகையாக மாற்றினால் மேற்படி துளியும் கணக்கிலிருந்து மறையும். ஆனால் அந்தச் சலுகையும் அடங்கல் அடிப்படையில் தரப்பட வேண்டும், பட்டா அடிப்படையில் அல்ல.

மாநில அரசு இப்போதே செய்யக்கூடியவை சில காகித வேலைகள். ஊக்கத்தொகையை ரகவாரியாக, பருவவாரியாக, அரிசி டன் கணக்கில் மாற்றித் தனிப் பதிவேடாக வைப்பது. வாங்கிய நெல், அரைத்த அரிசி, ரேஷனுக்கு வெளியேறிய அளவு மூன்றையும் ஒரே தாளில் மாதந்தோறும் பொருத்திக் காட்டுவது. ஏற்றுமதிக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. பருவ அரசாணையில் உச்ச அளவு ஒன்றை, தாராளமாகவே, எழுதுவது. குத்தகைதாரர் பெயரில் நடந்த கொள்முதலைப் பட்டியல் போடும்போதே தனிக் குறியீடாகப் பதிவது. நிலையத்தில் பட்டியல் எழுத்தருக்கு அதற்கு ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். ஏக்கர் பணத்துக்கு மாறச் சொல்லி யார் வந்தாலும் முதலில் கேட்கப்படும் எண் அந்தக் கட்டத்தில்தான் இருக்கும்.